கசட் மட்டையிலிருந்து நூதனசாலை வரை: 'தாழ்ந்த' ஓவியம் என்று எதைச் சொல்கிறோம்?

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கொழும்பில் வேலை செய்த மூத்த காக்கா பெருநாளைக்கு ஊருக்கு வரும்போது ஒரு கசட் கொண்டுவந்தார். மைக்கல் ஜக்சனின் 'டேஞ்சரஸ்'. அசல் கசட் அல்ல, எங்கோ ஒரு ரெக்கோர்டிங் பாரில் பதிந்த பிரதி. மட்டையை மட்டும் கலரில் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள்.

எனக்கு அப்போது ஒன்பது, பத்து வயது. ஆங்கிலப் பாட்டு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் கல்முனையில் கரன்ட் போன இரவுகளில் குப்பி லாம்பு வெளிச்சத்தில் அந்த மட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தங்க நிறத்தில் ஒரு முகமூடி. அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள் மட்டும் பார்க்கும். மேலே ஒரு குரங்குக்குக் கிரீடம் சூட்டுகிறார்கள். ஒரு பக்கம் நாய் முகத்தோடு ராஜா, மறுபக்கம் பறவைத் தலையோடு ராணி. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஏதாவது ஒன்று கண்ணில் படும்.

ஒருநாள் அதைப் பார்த்து சித்திரக் கொப்பியில் வரைந்து பாடசாலைக்குக் கொண்டுபோனேன். சித்திரம் படிப்பித்தவர் கொப்பியைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "இது சித்திரமில்ல. கசட் மட்டை." புள்ளி போடவில்லை.

அந்த மட்டையை வரைந்தவரின் பெயர் தெரியவர எனக்குப் பத்து வருடங்களுக்கு மேல் சென்றது. பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை படித்தபோது, இசைத்தட்டு அட்டைகள் பற்றிய ஒரு விரிவுரையில் அதே முகமூடி திரையில் வந்தது. ஓவியர் பெயர் மார்க் ரைடன். அவருடைய ஓவியங்கள் நூதனசாலைகளில் தொங்குவதையும் அன்றுதான் அறிந்தேன்.

கசட் மட்டை வரைந்தவர் நூதனசாலைக்குப் போனது எப்படி? இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. நமது ஊரில் அப்படி ஒருவர் எங்கேயும் போக முடியாமல் இருப்பது ஏன் என்பதைப் பற்றியதும்தான்.

நெற்றியை அளந்து அறிவைச் சொன்ன காலம்

ரைடன் சார்ந்த ஓவிய வகைக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று 'லோப்ரோ', மற்றது 'பொப் சர்ரியலிசம்'.

முதற்பெயருக்கு 'தாழ்ந்த புருவம்' என்று பொருள். 19ஆம் நூற்றாண்டில் மண்டையோட்டின் அமைப்பை வைத்து மனிதரின் அறிவைக் கணிக்கும் ஒரு போலி விஞ்ஞானம் மேற்கில் பரவியிருந்தது. நெற்றி உயர்ந்திருந்தால் அறிவாளி, தாழ்ந்திருந்தால் மந்தம் என்றார்கள். அந்த விஞ்ஞானம் செத்துப் போனாலும் அதன் சொற்கள் மிஞ்சின. படித்தவர் ரசிப்பது உயர்ந்தது, பாமரர் ரசிப்பது தாழ்ந்தது என்ற பிரிப்பு இன்றுவரை பேச்சில் நிற்கிறது.

அந்த வசவையே தனது பெயராக எடுத்துக்கொண்டவர் அமெரிக்க ஓவியர் ரொபர்ட் வில்லியம்ஸ். 1943இல் பிறந்தவர். பழைய கார்களை உருமாற்றிப் பெயின்ட் அடிக்கும் கலிபோர்னியத் தொழிற்கூட்டத்திலும், 'ஸாப்' என்ற தலைமறைவுச் சித்திரக்கதைச் சஞ்சிகையிலும் வேலை செய்தவர். 1979இல் அவருடைய ஓவியங்களைப் புத்தகமாக்கும் பேச்சு வந்தபோது, எந்தக் கலை நிறுவனமும் இதை ஏற்கப் போவதில்லை என்ற நினைப்பில் அவர் வைத்த தலைப்பு 'ரொபர்ட் வில்லியம்ஸின் லோப்ரோ கலை'. கேலியாக வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. அது பொருத்தமான பெயரல்ல என்று பிற்காலத்தில் அவரே சொன்னார்.

இரண்டாவது பெயரில் இரண்டு பரம்பரைகள் சேர்கின்றன. சர்ரியலிசம் 1924இல் பாரிஸில் அந்த்ரே பிரெத்தோனின் அறிக்கையோடு தொடங்கிய இயக்கம். கனவில் வருவதைப் போல, ஒன்றோடொன்று சேராத பொருட்களைச் சேர்த்து வைப்பது அதன் வழி. 'பொப்' என்பது சந்தை. விளம்பரம், கார்ட்டூன், பொம்மை, சினிமா எல்லாம் அதில் அடக்கம். கனவின் தர்க்கத்தைச் சந்தைப் பொருட்களை வைத்துச் சொன்னால் அது பொப் சர்ரியலிசம்.

நமக்கு இது அந்நியமானதும் அல்ல. மூத்தம்மா வீட்டுச் சுவரில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு பழைய அச்சுப்படம் இருந்தது. இறகு முளைத்த குதிரை உடல், பெண் முகம், மயில் தோகை. புராக் வாகனம் என்று மூத்தம்மா சொல்வார். தென்னாசிய முஸ்லிம் வீடுகள் பலவற்றில் ஒரு காலத்தில் தொங்கிய படம்தான் அது. உயிருள்ளவற்றை வரைவது பற்றிய மார்க்கக் கண்டிப்பு வீட்டுக்குள் வலுத்தபோது அதை மாமா கழற்றி எடுத்துவிட்டார். அவருடைய காரணம் அவருக்கு நியாயமானது, அதைப் பற்றி வாதிட நான் வரவில்லை. ஆனால் அந்தப் படத்தை வரைந்தவர் யாரென்று, அது தொங்கியபோதும் கழற்றப்பட்டபோதும், எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

பத்து வருடம் கூலிக்கு வரைந்தவர்

மார்க் ரைடன் 1963இல் ஓரிகன் மாநிலத்தின் மெட்ஃபோர்டில் பிறந்து, தென் கலிபோர்னியாவில் வளர்ந்தவர். தகப்பனார் கார்களைப் பழுதுபார்த்துப் பெயின்ட் அடித்து வாழ்ந்தவர். ரைடன் பாசடீனாவிலுள்ள ஆர்ட் சென்டர் கல்லூரியில் பயின்று 1987இல் பட்டம் பெற்றார். அது விளம்பரம், வடிவமைப்பு, விளக்கப்படம் போன்ற தொழில்களுக்கு ஆள் தயாரிப்பதில் பெயர்பெற்ற கல்லூரி.

பட்டம் பெற்றபின் ஏறக்குறைய பத்து வருடங்கள் அவர் செய்தது கூலி வேலை. யாரோ ஒருவர் கேட்பார், இவர் வரைந்து கொடுப்பார். 1991இல் வந்த 'டேஞ்சரஸ்' அவற்றில் மிகப் பெரியது. 'ரெட் ஹொட் சிலி பெப்பர்ஸ்' குழுவின் 1995ஆம் ஆண்டு இசைத்தொகுப்புக்கும், எழுத்தாளர் ஸ்டீபன் கிங்கின் நாவல்களுக்கும் அட்டை வரைந்தார். இந்தப் பத்து வருடங்களில் அவருடைய படங்களைப் பார்த்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். அவருடைய பெயரை அறிந்தவர்கள் சொற்பம்.

அந்தக் காலத்தில் நியூயோர்க்கின் கலை உலகம் இத்தகைய ஓவியங்களை எட்டியும் பார்க்கவில்லை. கருத்துக்குத்தான் அங்கே மதிப்பு. கை வேலைப்பாடும் கதை சொல்லும் உருவங்களும் 'வெறும் விளக்கப்படம்' என்று ஒதுக்கப்பட்டன. எங்கள் பாடசாலையில் எனக்குச் சொல்லப்பட்டதும் ஏறக்குறைய அதேதான்.

கதவு திறக்கவில்லை என்றதும் இவர்கள் வேறு கதவு கட்டினார்கள். லொஸ் ஏஞ்சலிஸில் 1986இல் 'லா லூஸ் டி ஜீஸஸ்' என்ற காட்சியறை தொடங்கப்பட்டது. மற்றவர்கள் தொங்கவிட மறுத்ததையெல்லாம் அங்கே தொங்கவிட்டார்கள். 1994இல் ரொபர்ட் வில்லியம்ஸும் நண்பர்களும் 'ஜக்ஸ்டபோஸ்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார்கள். அந்த வருடமே ரைடனின் ஓவியம் அதன் அட்டைக்கு வந்தது. பிறருடைய இசைக்கும் நாவலுக்கும் அட்டை வரைந்தவரின் ஓவியம், அவருடைய சொந்த ஓவியமாகவே ஓர் அட்டையில் அச்சானது.

இறைச்சிக் காட்சி

1998இல் பாசடீனாவில் ரைடனின் முதலாவது தனிக் கண்காட்சி நடந்தது. பெயர் 'இறைச்சிக் காட்சி'. அதே வருடம் கனெக்டிகட் மாநிலத்தின் ஆல்ட்ரிச் நூதனசாலை 'பொப் சர்ரியலிசம்' என்ற தலைப்பிலேயே ஒரு கண்காட்சி வைத்தது. கூலி ஓவியர் என்ற கட்டம் ரைடனுக்கு அங்கே முடிகிறது.

அவருடைய ஓவியங்களை முதல் தடவை பார்க்கும் ஒருவருக்கு ஒரு குழப்பம் வரும். வேலைப்பாடு பழைய பிரெஞ்சு ஓவியர்களுடையது. தோல் மினுங்கும், பட்டுத்துணியின் மடிப்பு தெரியும், சுற்றிலும் செதுக்கிய மரச்சட்டம். ஆனால் வரையப்பட்டிருப்பதோ பெரிய கண்களையுடைய வெளிறிய சிறுமிகள், பொம்மைக் கரடிகள், தேனீக்கள், ஆபிரகாம் லிங்கன். இடையிடையே பச்சை இறைச்சித் துண்டுகள். 2009இல் அவர் வரைந்த ஓர் ஓவியத்தில் ஒரு பெண் முழுக்க முழுக்க இறைச்சியாலான கவுண் அணிந்து நிற்கிறாள். அடுத்த வருடம் பாடகி லேடி காகா இறைச்சி உடையில் ஒரு விருது விழாவுக்கு வந்தபோது பலருக்கும் அந்த ஓவியம் ஞாபகம் வந்தது.

ஏன் இறைச்சி? உயிருள்ள மாடு எந்த இடத்தில் 'இறைச்சி' என்ற பொருளாக மாறுகிறது என்ற கேள்விதான் அவரை அங்கே கொண்டுபோனது. சுப்பர் மார்க்கெட்டில் பொலித்தீன் சுற்றிய துண்டை வாங்கும் ஒருவருக்கு அதன் பின்னால் ஒரு கண், ஒரு மூச்சு இருந்தது தெரிவதில்லை. அந்த மறதியைக் குலைக்கவே அழகான சிறுமிக்குப் பக்கத்தில் இறைச்சியை வைக்கிறார்.

இந்த இடத்தில் நான் அமெரிக்கரைப் போல அதிரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாள் காலையில் தொழுதுவிட்டு வந்து குர்பான் மாட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். முந்திய நாள் புல் கொடுத்த மாடு மறுநாள் பங்கு பங்காகப் பிரிந்து அயல் வீடுகளுக்குப் போகும். அதைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் எங்கள் சின்னக் கைகள்தான். உயிருக்கும் இறைச்சிக்கும் நடுவிலுள்ள கோடு எங்களுக்கு மறைக்கப்படவில்லை. ஆகவே ரைடனின் இறைச்சி எனக்கு அதிர்ச்சியாக வரவில்லை, நினைவாக வந்தது. கனவு ஓவியம் எல்லா ஊரிலும் ஒரே கனவைச் சொல்வதில்லை.

2004இல் ஸியாட்டில் நகரின் ஃப்ரை நூதனசாலையில் அவருடைய வேலைகளின் பெரிய தொகுப்புக் கண்காட்சி தொடங்கியது. 1952இல் அந்த நூதனசாலை திறந்த நாளிலிருந்து அதிகமானோர் பார்த்த கண்காட்சி அதுதான். 2007இல் மரங்களை வைத்து ஒரு தொடர், 2009இல் டோக்கியோவில் பனி எருதுகளை வைத்து ஒரு தொடர், 2010இல் நியூயோர்க்கில் ஒரு கண்காட்சி. 2016இல் ஸ்பெயினின் மாலகா நகரில் இன்னொரு பெரிய தொகுப்பு. 2017இல் அமெரிக்கன் பாலே தியேட்டர் அரங்கேற்றிய 'விப்ட் கிரீம்' என்ற நடனத்துக்கு மேடையும் உடைகளும் அவருடைய வடிவமைப்பு. அளவுக்கு மிஞ்சி கிரீம் தின்ற ஒரு சிறுவன் ஆஸ்பத்திரியில் காணும் கனவுதான் அந்த நடனத்தின் கதை. ரைடனுக்கென்றே எழுதியது போலிருக்கிறது.

எல்லோரும் அவரைக் கொண்டாடவில்லை. அவருடைய சிறுமிகள் பார்ப்பவரைச் சங்கடப்படுத்துகிறார்கள் என்போர் உண்டு. ஆழமில்லாத அலங்காரம், பணக்காரர் வாங்கி மாட்டும் பொம்மை என்போரும் உண்டு. இரண்டாவது குற்றச்சாட்டில் ஒரு முரண் இருக்கிறது. 'தாழ்ந்தது' என்று பெயர் வைத்துத் தொடங்கிய ஓவியத்தை இன்று சாதாரண மனிதர் வாங்க முடியாது. கசட் மட்டையாக இருந்தபோதுதான் அது எங்கள் வீட்டுக்கு வந்தது.

பெயரை மீட்க 53 நிமிடங்கள்

ரைடனின் பெரிய கண்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. அமெரிக்க ஓவியர் மார்கரெட் கீன். பெரிய, கலங்கிய கண்களையுடைய அவருடைய குழந்தைகள் 1960களில் அமெரிக்காவெங்கும் விற்பனையாயின. விமர்சகர்கள் மலிவான ரசனை என்று ஏளனம் செய்தார்கள். வாங்கியவர்கள் வாங்கிக்கொண்டேயிருந்தார்கள்.

ஆனால் அந்தப் படங்கள் அவருடைய கணவர் வோல்டர் கீனின் பெயரில்தான் விற்கப்பட்டன. மனைவி வீட்டுக்குள் இருந்து வரைந்தார், புகழையும் பணத்தையும் கணவர் எடுத்துக்கொண்டார். விவாகரத்தின் பின்னர் 1970இல் மார்கரெட் உண்மையைப் பகிரங்கமாகச் சொன்னார். விவகாரம் 1986இல் ஹவாயில் நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதி இருவரையும் அங்கேயே வரையச் சொன்னார். வோல்டர் தோள் வலிக்கிறது என்று மறுத்தார். மார்கரெட் 53 நிமிடங்களில் பெரிய கண்களோடு ஒரு குழந்தையை வரைந்து வைத்தார். ஜூரிகள் அவருக்கு 40 இலட்சம் டொலர் நட்டஈடு வழங்கும்படி தீர்ப்பளித்தார்கள். மேன்முறையீட்டில் அந்தத் தொகை இரத்தானது. ஆனால் அவரைப் பற்றி அவதூறு சொல்லப்பட்டது என்ற தீர்ப்பு நின்றது, பெயரும் அவருக்கே மீண்டது. அவர் 2022இல் காலமானார்.

தாழ்ந்தது என்று ஒதுக்கப்படும் ஓவியத்தில்தான் இப்படிப் பெயரைத் திருட முடிகிறது. யார் வரைந்தார் என்று கேட்கும் அளவுக்கு அதை எவரும் மதிப்பதில்லை.

ஸ்யாமும் குமரியின் ராட்சதரும்

தமிழில் இதற்கு மிக அருகில் நிற்பது பொக்கட் நாவல் அட்டைதான். ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர் நாவல்கள் இந்தியாவிலிருந்து கல்முனை பஸார் கடைகளுக்கும் வந்தன. உம்மாவுக்குத் தெரியாமல் ராத்தா தலையணைக்குக் கீழே வைத்திருப்பார். அட்டையில் மிரண்ட கண்களோடு ஒரு பெண், பின்னால் ஒரு மண்டையோடு, ஒரு மூலையில் துவக்கு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்றையும் ஒரே சட்டத்துக்குள் வைத்திருப்பார்கள். பாரிஸில் அதற்கு ஓர் அறிக்கை எழுதினார்கள். நமது பக்கத்தில் புத்தகத்தை மறைத்து வைத்தார்கள்.

2008இல் சென்னையின் ப்ளாஃப்ட் பதிப்பகம் தமிழ் வெகுசனக் கதைகளை ஆங்கிலத்தில் ஒரு தொகுப்பாகக் கொண்டுவந்தது. பிரீதம் சக்ரவர்த்தி மொழிபெயர்த்தார், ராகேஷ் கன்னா தொகுத்தார். அட்டை வரைந்தவர் ஸ்யாம். தமிழ் வார இதழ்களைப் புரட்டுகிறவர்களுக்கு 'ஓவியங்கள்: ஸ்யாம்' என்ற வரி பழக்கமானது. 2010இல் அதே பதிப்பகம் 'குமரி லவ்ஸ் எ மொன்ஸ்டர்' என்ற படப்புத்தகத்தை வெளியிட்டது. தமிழ்ப் பெண்கள் பலவகை ராட்சதர்களைக் காதலிக்கும் காட்சிகளை ஸ்யாம் வரைந்திருந்தார். நாவல் அட்டையில் பெண்ணை மிரட்டுவதற்காக நிற்கும் அதே ராட்சதன், இங்கே அவளுடைய காதலன்.

கை ஒன்றுதான். ஆனால் வார இதழில் அந்த ஓவியம் கதைக்குத் துணையாக நின்றது, இந்தப் புத்தகத்தில் ஓவியத்துக்குக் கதை துணையாக நின்றது. ரைடனுக்கு 'ஜக்ஸ்டபோஸ்' செய்ததைச் சிறிய அளவில் சென்னையில் ஒரு சிறு பதிப்பகம் செய்திருக்கிறது. இரண்டு இடத்திலும் வழி ஒன்றுதான்: யாரோ ஒருவர் அந்தப் படத்தைத் தனியே எடுத்து, பெயரைச் சேர்த்து, இன்னொரு இடத்தில் வைத்தார்.

எங்கள் ஊரில்

சாய்ந்தமருதில் ஒரு காக்கா இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. கல்முனையிலிருந்து நிந்தவூர் வரை கடைகளுக்கு போட் எழுதியவர். எனாமல் பெயின்டும் அணில் மயிர்த் தூரிகையும்தான் அவருடைய சாமான். எழுத்து மட்டுமல்ல, கேட்டால் உருவமும் போடுவார். புடவைக் கடைக்கு மயில், பேக்கரிக்குத் தொப்பி போட்ட பாண், தோணிக்குக் கண். சலூன் ஒன்றுக்கு அவர் வரைந்த சிங்கத்தை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். சிங்கம் கதிரையில் சாய்ந்திருக்க, ஒரு ஆடு அதன் பிடரியைச் சீவிக்கொண்டிருக்கும்.

சுனாமி பல போட்டுகளைக் கடைகளோடு சேர்த்துக் கொண்டுபோனது. மிச்சத்தை டிஜிட்டல் போட் கொண்டுபோனது. இப்போது கணினியில் செய்து அரை நாளில் அச்சடித்துத் தருகிறார்கள். காக்கா மகனுடைய பலசரக்குக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்.

இந்தக் கட்டுரைக்காக அவரைத் தேடிப் போனேன். கைத்தொலைபேசியில் 'டேஞ்சரஸ்' அட்டையைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் பெருப்பித்துப் பெருப்பித்து வெகுநேரம் பார்த்தார். நாய் ராஜாவில் நின்றார். "பெயின்ட் வேல நல்லா செஞ்சிரிக்கான்" என்றார். பிறகு கேட்டார்: "மகன், இவன்ட பேரு எங்க போட்டிரிக்கி?"

நான் ரைடனின் கதையைச் சொன்னேன். நூதனசாலை என்றதும் சிரித்தார். "நான் ஒரு போட்டிலயும் பேரு போட்டதில்ல. கடக்காரன்ட பேர எழுதுறதுக்குத்தானே சல்லி தாறான்" என்றார்.

சிங்கத்தையும் ஆட்டையும் பற்றிக் கேட்டேன். அந்தச் சலூன் இப்போது இல்லை. ஆனால் போட்டின் தகரம் வீட்டுப் பின்பக்கத்தில் கோழிக்கூட்டுக்கு அடைப்பாக நிற்கிறது என்றார். போய்ப் பார்த்தோம். ஒரு பக்கம் துரு ஏறிவிட்டது. ஆட்டின் கையும் சீப்பும் மிச்சம். சிங்கத்தின் ஒரு கண் தெளிவாகத் தெரிகிறது.

பல கோணங்களில் படம் எடுத்துக்கொண்டேன். அவர் வரைந்த வேறு போட்டுகள் எங்கெங்கே மிஞ்சியிருக்கின்றன என்று அவரிடமே கேட்டு ஒரு பட்டியல் எழுதியிருக்கிறேன். ஏழு இடங்கள் சொன்னார். இரண்டைப் போய்ப் பார்த்துவிட்டேன். ஒன்றுக்கு மேல் டிஜிட்டல் போட் அறைந்திருக்கிறார்கள், மற்றது நன்றாக இருக்கிறது.

இந்தக் கரையில் கண்காட்சியறை கட்டப்படும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரைடனுக்குக்கூட நூதனசாலை கடைசியாகத்தான் வந்தது. முதலில் வந்தது பெயரோடு ஒரு சஞ்சிகை அட்டை. உங்கள் ஊரில் கையால் எழுதிய போட், படம் போட்ட தோணி, பழைய ஓட்டோ ஓவியம் எது மிஞ்சியிருந்தாலும் படம் எடுத்து வையுங்கள். யார் வரைந்தது என்று கேட்டு, அந்தப் பெயரையும் எழுதி வையுங்கள்.

சாய்ந்தமருதுக் காக்காவின் பெயரை இங்கே போட அனுமதி கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். மறுநாள் கோல் எடுத்தார். பெயரை நான் எழுதுவதில் அவருக்கு விருப்பமில்லையாம். அந்தத் தகரத்தைக் கழுவி, துருவைச் சுரண்டி, ஆட்டுக்கும் சிங்கத்துக்கும் மறுபடி பெயின்ட் அடிக்கப் போகிறாராம். கீழே வலது மூலையில் தானே எழுதுவாராம். அதற்குப் பிறகு வந்து படம் எடுக்கச் சொன்னார்.